பறங்கிப்பட்டை: சீனக் கிழங்கும் நாஞ்சில் நாட்டு வாத மருத்துவமும்

பறங்கிப்பட்டை என்பது சித்த மருத்துவத்தில் வாத நோய்களுக்கும் மேக நோய்களுக்கும் தோல் நோய்களுக்கும் வழங்கப்படும் ஒரு கடைச்சரக்கு. சீனா, ஜப்பான் பகுதிகளில் இயல்பாக வளரும் ஸ்மைலாக்ஸ் சைனா என்னும் முட்கொடியின் கிழங்கு இது. அதன் நெருங்கிய உறவான ஸ்மைலாக்ஸ் கிளாப்ராவின் கிழங்கும் இதே பெயரில் விற்கப்படுகிறது. பட்டை என்று பெயர் இருந்தாலும் இது மரப்பட்டை அன்று. மண்ணுக்கடியில் முடிச்சு முடிச்சாக வளரும் கிழங்கைச் சீவி உலர்த்தும்போது கிடைக்கும் வில்லைகள், பார்ப்பவர் கண்ணுக்குப் பட்டைபோலத் தெரிகின்றன.

கன்னியாகுமரி மாவட்டத்தில் முடக்கு வாதத்துக்கு மருந்து கொடுக்கும் சித்த வைத்தியர்களின் சரக்குப் பட்டியலில் அமுக்கராக் கிழங்கு, சுக்கு, சேராங்கொட்டை ஆகியவற்றோடு பறங்கிப்பட்டையும் இருக்கும். அமுக்கராவும் சுக்கும் இந்த மண்ணில் தொன்றுதொட்டு அறியப்பட்டவை. பறங்கிப்பட்டையோ ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கடல்வழி வந்து சேர்ந்த சீன மருந்து. ஒரு நோயைத் துரத்திக்கொண்டு வந்து, பிறகு வேறொரு நோய்க்கு மருந்தாக நிலைபெற்றது.

பெயர்கள்

ஐரோப்பியரைப் பொதுவாகக் குறிக்க அரேபியர் வழங்கிய 'ஃபிரஞ்சி' என்ற சொல் பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்து தமிழில் பறங்கி ஆனது. முதலில் அது போர்ச்சுக்கீசியரையே குறித்தது. அவர்கள் வருகையோடு பரவிய பால்வினை நோய்க்குப் பறங்கிப்புண் என்று பெயர். அந்த நோய்க்கு மருந்தாக அவர்கள் கப்பலிலேயே வந்த கிழங்குக்குப் பறங்கிப்பட்டை என்று பெயர். பறங்கிச்சக்கை என்றும் சொல்வதுண்டு. நோயையும் மருந்தையும் ஒரே அந்நியன் தலையில் கட்டிவிட்ட பெயர் இது.

வடநாட்டு யுனானி மருத்துவர்கள் இதனைச் சோப்சினி என்பர். 'சீனத்து மரம்' என்னும் பொருள்படும் பாரசீகத் தொடரிலிருந்து வந்த பெயர் அது. மலையாளத்தில் சீனப்பாவு. இந்த இரண்டு பெயர்களும் சரக்கு பிறந்த இடத்தை நினைவில் வைத்திருக்கின்றன. தமிழ்ப் பெயர் அதைக் கொண்டுவந்தவனை நினைவில் வைத்திருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் வடமொழி மருத்துவ நூலான பாவப்பிரகாசம் ஃபிரங்க ரோகம் என்ற புதிய நோயை விவரித்து, அதற்குத் 'துவீபாந்தர வசா', அதாவது வேற்றுத் தீவிலிருந்து வந்த வசம்பு, என்ற மருந்தைச் சொல்கிறது. அதுவும் பறங்கிப்பட்டையே. கேரள ஆயுர்வேதத்தில் இதன் பெயர் மதுஸ்னுஹி. மதுஸ்னுஹி ரசாயனம் இன்றும் தயாரிக்கப்படுகிறது.

நாஞ்சில் நாட்டில் இந்தப் பெயர்களில் ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே கடையில் செல்லுபடியாகும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் மரபில் வந்த ஆட்சிப்பகுதியாக இருந்த இந்த மாவட்டத்தில் சித்த வைத்தியர் தமிழில் எழுதிய சீட்டும், ஆயுர்வேத வைத்தியர் மலையாளப் பெயரில் எழுதிய சீட்டும் ஒரே நாட்டு மருந்துக்கடைக்குத்தான் வந்தன.

சீனாவில் தொடக்கம்

சீனத்தில் இந்தக் கிழங்கு முதலில் பெரிய மருந்தாக மதிக்கப்படவில்லை. மலைவாழ் மக்கள் பஞ்ச காலத்தில் உண்ணும் கிழங்குகளுள் ஒன்றாக இருந்தது. அதன் நிலையை மாற்றியது ஒரு கொள்ளைநோய். மிங் பேரரசுக் காலத்து மருத்துவர் லி ஷிசென் தொகுத்து 1596இல் அச்சான பென்காவ் காங்மு என்னும் மாபெரும் மருந்துப்பொருள் நூல் இந்த வரலாற்றைத் தெளிவாகச் சொல்கிறது. 1488 முதல் 1521 வரையான இரு பேரரசர்களின் ஆட்சிக்காலத்தில் 'யாங்மெய்' என்னும் பழத்தைப் போன்ற புண்களை உண்டாக்கும் நோய் பரவியது. மருத்துவர்கள் பாதரச உப்பைக் கொடுத்தார்கள். புண் ஆறியது. ஆனால் பாதரச நஞ்சு நரம்பிலும் எலும்பிலும் தங்கி, நோயாளிகள் ஆயுள் முழுக்க மூட்டும் தசையும் இழுத்து வலிக்கத் துன்புற்றார்கள். அப்போதுதான் தூஃபூலிங் என்னும் இந்தக் கிழங்கு கைகொடுத்தது. அதன்பின் அது முதன்மை மருந்தாயிற்று என்கிறார் அவர்.

பறங்கிப்பட்டையின் பிற்கால வரலாறு முழுவதும் இந்தக் குறிப்பில் அடங்கியிருக்கிறது. இந்த மருந்து புகழ்பெற்றது புண்ணை ஆற்றியதால் மட்டும் அன்று. நோயும் அதன் கடுமருந்தும் சேர்ந்து விளைவித்த எலும்பு வலி, மூட்டு வலி, இழுப்பு ஆகியவற்றுக்குக் கொடுக்கப்பட்டதாலும்தான்.

லி ஷிசென் இந்த மருந்தோடு விலக்க வேண்டியவற்றையும் பட்டியலிடுகிறார்: தேநீர், மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, கோழி, வாத்து, மீன், சாராயம், உடலுறவு. நாஞ்சில் நாட்டு வைத்தியர் ஒருவர் மெழுகு மருந்து கொடுக்கும்போது சொல்லும் பத்தியத்தைக் கேட்டவர்களுக்கு இந்தப் பட்டியல் புதிதாகத் தோன்றாது. தேநீரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புளியை வைத்தால் போதும்.

கோவாவும் பாசலும்

கார்சியா ட ஓர்த்தா என்ற போர்ச்சுக்கீசிய மருத்துவர் 1534இல் கோவாவுக்கு வந்தார். அவரை அழைத்துவந்தவர் மார்ட்டிம் அஃபோன்சோ ட சோசா என்ற கடற்படைத் தளபதி. இதே சோசாதான் ஆளுநராக மறுமுறை இந்தியா வந்தபோது ஃபிரான்சிஸ் சேவியரைத் தம் கப்பலில் ஏற்றிவந்தார். 1542இல் கோவாவை அடைந்த சேவியர் இரண்டாண்டு கழித்துக் கன்னியாகுமரிக் கரையின் மீனவ ஊர்களில் மதப்பணி செய்தார். கோட்டாற்றில் அவர் பெயரால் பேராலயம் இருக்கிறது.

ஓர்த்தா இந்தியாவின் மருந்துப்பொருள்களைப் பற்றி உரையாடல் வடிவில் எழுதிய நூல் 1563இல் கோவாவில் அச்சானது. அதில் சீனக் கிழங்குக்கென்று ஒரு தனி உரையாடல் உண்டு. 1535 அளவில் இந்தக் கிழங்கு இந்தியாவில் அறிமுகமானதை அந்நூலால் அறிகிறோம். கிழங்கு அங்கே நிற்கவில்லை. பத்தாண்டுக்குள் ஐரோப்பாவின் பேரரசர் ஐந்தாம் சார்லசின் கட்டிலருகே போய்ச் சேர்ந்தது. மூட்டுகளில் கீல்வாதம் கண்டு வருந்திய அவருக்குச் சீனக் கிழங்கின் கஷாயம் கொடுக்கப்பட்டது. அரண்மனை மருத்துவர்களுள் ஒருவரும் உடற்கூறியலின் தந்தை எனப்படுபவருமான வெசாலியஸ் இந்தக் கஷாயத்தைப் பற்றிய மடல் ஒன்றை 1546இல் பாசல் நகரில் நூலாக வெளியிட்டார். அவருக்கு இந்த மருந்தில் பெரிய நம்பிக்கை இல்லை. தலைப்பில் மட்டுமே கிழங்கு. மடலின் பெரும்பகுதி தம் உடற்கூறியல் கருத்துகளை எதிர்த்தவர்களுக்கு அவர் அளித்த பதில்.

பின்னர் அமெரிக்காவிலிருந்து சார்சபரில்லா என்ற வேர் ஐரோப்பாவுக்கு வந்து சீனக் கிழங்கின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. அதுவும் ஸ்மைலாக்ஸ் இனமே. வெள்ளையர் இந்தியாவில் அதற்கு மாற்றுத் தேடியபோது கண்டது நம் நன்னாரி. செடியியலில் நன்னாரிக்கும் ஸ்மைலாக்ஸுக்கும் எந்த உறவும் இல்லை. ஆனாலும் நன்னாரிக்கு 'இந்திய சார்சபரில்லா' என்ற பெயர் ஆங்கில நூல்களில் நிலைத்துவிட்டது. நாகர்கோவில் பெட்டிக்கடையில் நன்னாரி சர்பத் குடிப்பவர், தெரிந்தோ தெரியாமலோ இந்த நீண்ட கதையின் ஒரு கிளையைக் குடிக்கிறார்.

பறங்கிப்புண்ணிலிருந்து வாதத்துக்கு

பால்வினை நோய்க்கு வந்த மருந்து மூட்டு நோய்க்கு மருந்தானது எப்படி? அந்த நோயின் போக்கே இதற்கு முதற்காரணம். பறங்கிப்புண் எனப்பட்ட சிபிலிஸ் முற்றிய நிலையில் எலும்பையும் மூட்டையும் தாக்கும். இரவில் எலும்பு வலி கடுமையாகும். சித்த மருத்துவம் இத்தகைய நோய்களை மேகம் என்ற பெரும்பிரிவில் அடக்கியது. மேகத்தால் வரும் மூட்டு நோய்க்கு மேகவாதம், மேகசூலை என்று பெயர்கள் உண்டு. ஒரு மருந்து மேகத்துக்கு ஆகும் என்று உறுதிப்பட்டால் மேகவாதத்துக்கும் ஆகும். மேகவாதத்துக்கு ஆகுமென்றால் பிற வாதத்துக்கும் கொடுத்துப் பார்க்கலாம். நோய் வகைப்பாட்டின் படிகளிலேயே மருந்து ஏறிச் சென்றது.

இன்னொரு காரணம் பாதரசம். இங்கும் பறங்கிப்புண்ணுக்கு ரசம் சேர்ந்த மருந்துகள் கொடுக்கப்பட்டன. சீனத்தில் கண்டதுபோலவே கடுமருந்தின் துணைச்சரக்காகப் பறங்கிப்பட்டை இடம்பெற்றது. இன்றும் வாதத்துக்கு வழங்கப்படும் இரசகந்தி மெழுகில் ரசம், கந்தகம் ஆகியவற்றோடு பறங்கிப்பட்டையும் சேர்கிறது. சீன நூல் கூறும் பாதரசமும் தூஃபூலிங்கும் இங்கே ஒரே மெழுகில் உருட்டப்பட்டிருக்கின்றன.

மூன்றாவது, கோட்பாட்டு ஒற்றுமை. சீன மருத்துவத்தின் மூலநூலான ஹுவாங்டி நெய்ஜிங், மூட்டு வலி நோய்களைப் 'பீ' என்ற தலைப்பில் வைக்கிறது. காற்று, குளிர், ஈரம் ஆகிய மூன்றும் கலந்து உடலில் புகுந்து ஓட்டத்தை அடைப்பதே அதன் காரணம் என்பது அந்நூலின் கருத்து. சித்த மருத்துவமோ வளி, அழல், ஐயம் என்னும் முக்குற்றங்களில் வளி கெடுவதையே மூட்டு நோயின் வேராகக் கொள்கிறது. இரண்டும் ஒன்றல்ல. சீனக் காற்று வெளியிலிருந்து புகுவது. சித்த மருத்துவத்தின் வளி உடலுக்குள்ளேயே இருப்பது. ஆனால் மழைக்காலத்தில் மூட்டு பிடித்துக்கொள்ளும் நோயாளியைப் பார்த்து இரு நாட்டு மருத்துவரும் காற்றைக் குற்றம் சொன்னார்கள். அந்த அளவில் ஒருவர் மருந்து மற்றவருக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

நாஞ்சில் நாட்டில்

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சேர்ந்த நெல்வயல் பூமியே பழைய நாஞ்சில் நாடு. மேற்கே கல்குளம், விளவங்கோடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனை இங்கே கடலை நெருங்குகிறது. பொத்தையடிக்கு அருகிலுள்ள மருந்துவாழ் மலை, அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்றபோது விழுந்த துண்டு என்பது ஊர்வழக்கு. மலையில் பச்சிலை, கரையில் துறைமுகம் என்ற இந்த அமைப்பே இவ்வூர் வைத்தியத்தின் இரு கைகள். நொச்சி, முடக்கறுத்தான், வாதநாராயணன், ஆமணக்கு ஆகிய பச்சிலைகள் வேலியோரத்தில் கிடைத்தன. கடைச்சரக்குகள் குளச்சல், தேங்காப்பட்டணம், கொல்லம் போன்ற துறைகளை நம்பியிருந்தன. கொல்லத்தில் 1519இல் போர்ச்சுக்கீசியர் கோட்டை கட்டினர்.

சீனப் பொருள் இந்நாட்டுக்குப் புதிதன்று. பத்மநாபபுரம் அரண்மனையில் பெரிய சீன ஜாடிகளை இன்றும் காணலாம். வீடுகளில் ஊறுகாய் போட்ட பரணிக்குச் சீனபரணி என்றும் பொரிக்கும் சட்டிக்குச் சீனச்சட்டி என்றும் பெயர். இவற்றுக்கு நடுவில் ஒரு சீனக் கிழங்கு மருந்துப்பெட்டிக்குள் நுழைந்ததில் வியப்பில்லை.

இங்கே வாத மருத்துவம் வளர்ந்த களம் வைத்தியசாலை மட்டுமன்று, களரியும்கூட. அடிமுறை கற்பித்த ஆசான்களே வர்ம வைத்தியர்களாகவும் இருந்தார்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 வர்மங்களைக் கணக்கிட்டு, அடிபட்ட இடத்துக்கு இளக்குமுறை, தைலம், கிழி, கட்டு என்று மருத்துவம் செய்தனர். அவர்களின் நூல்கள் தமிழ்ச் செய்யுளில் ஓலைச்சுவடிகளாகக் குடும்பங்களில் காக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றின் பெயர் வர்ம பீரங்கி. பறங்கி பிறந்த அதே வேர்ச்சொல்லிலிருந்து வந்ததே பீரங்கியும். எலும்பு, மூட்டு, நரம்பு பற்றி ஆசான்களுக்கு இருந்த கைப்பழக்கம் காரணமாக அடிபடாமலே மூட்டு வீங்கியவர்களும் அவர்களிடம் வந்தனர். இங்குதான் ஒரு சிக்கலும் உண்டு. அடியால் வந்த வீக்கத்துக்குப் பொருந்தும் தொக்கணம், முடக்கு வாதத்தில் சூடாகச் சிவந்து வீங்கியிருக்கும் மூட்டுக்குப் பொருந்தாது; அழுத்தித் தேய்த்தால் வலியும் அழற்சியும் கூடும். தேர்ந்த வைத்தியர் அந்த நிலையில் கையை விலக்கி உள்மருந்துக்கே முதலிடம் தருவார்.

உள்மருந்தில் பறங்கிப்பட்டை சேர்வதற்கு முன் சுத்தி செய்யப்பட வேண்டும். வழக்கமான முறை பிட்டவியல். பானையில் பாலும் நீரும் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, கிழங்கின் பொடியை அதன்மேல் பரப்பி மூடி ஆவியில் அவிப்பார்கள். பிறகு உலர்த்தி மீண்டும் இடித்துச் சலித்துச் சூரணமாக்குவார்கள். அமுக்கராவுக்கும் இதே முறைதான். காலையில் புட்டு அவிக்கும் வீட்டில் இந்த முறையை விளக்கத் தனிப் பாடம் தேவையில்லை. சூரணம் பாலிலோ தேனிலோ வெந்நீரிலோ கொடுக்கப்படும்.

வாத மருந்துப் பட்டியலில் சீனத்தோடு தொடர்புடைய இன்னொரு சரக்கு சிற்றரத்தை. அதன் மூலச்செடி தென்சீனத்தைச் சேர்ந்தது. 'கலங்கல்' என்ற அதன் ஆங்கிலப் பெயரே சீனச் சொல்லிலிருந்து அரபு வழியாகப் போனது என்பர். கேரளத்திலும் குமரியிலும் வீட்டுத் தோட்டங்களில் சிற்றரத்தை என்று வளர்க்கப்படுவது அதன் உறவான வேறோர் இனம். சீனச் சரக்குக்கு உள்ளூர் உறவு ஒன்று மாற்றாகி, பிறகு அதுவே மூலம் என்று ஆகிவிட்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சித்தர் நூல்களின் காலம்

பறங்கிப்பட்டை வரலாற்று மாணவருக்குத் தரும் உதவி ஒன்று உண்டு. அகத்தியர், தேரையர், போகர் போன்ற சித்தர்களின் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்கள் பல மிகப் பழமையானவை என்று சொல்லப்படுகின்றன. ஆனால் பறங்கிப்புண், பறங்கிப்பட்டை என்ற சொற்கள் அவற்றுள் சிலவற்றில் இயல்பாகப் புழங்குகின்றன. பறங்கியர் இந்தியாவுக்குக் கடல்வழி வந்தது 1498இல். கிழங்கு வந்தது அதற்கும் முப்பத்தைந்து ஆண்டு கழித்து. எனவே அந்தப் பாடல்கள் இப்போதுள்ள வடிவில் 16ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டவையாக இருக்க முடியாது.

இதைச் சித்தர் மரபுக்கு இழுக்கு என்று கொள்ள வேண்டியதில்லை. புதிய நோய் வந்தபோது அதைப் பார்த்து, பெயரிட்டு, புதிய சரக்கைச் சோதித்து, பழைய செய்யுள் வடிவத்திலேயே எழுதிச் சேர்த்தார்கள் என்பதுதான் இதன் பொருள். உறைந்துபோன மரபு இப்படிச் செய்யாது. போகர் சீனம் சென்றவர், சீனத்திலிருந்து வந்தவர் என்றெல்லாம் வழங்கும் கதைகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாவிட்டாலும், சீன மருந்தறிவை மதித்த ஒரு மனநிலையின் தடயமாக அவற்றைக் கொள்ளலாம்.

முடக்கு வாதம் என்ற நோய்

முடக்கு வாதம் என்று இன்று வழங்கப்படுவது உடலின் எதிர்ப்பாற்றலே தன் மூட்டுகளைத் தாக்கும் நோய். கை விரல், மணிக்கட்டு, கால் விரல் போன்ற சிறு மூட்டுகள் இரு பக்கமும் ஒருசேர வீங்கும். காலையில் எழுந்ததும் நெடுநேரம் விறைத்திருக்கும். காய்ச்சலும் சோர்வும் சேரும். பெண்களிடம் மிகுதி. கட்டுப்படுத்தாவிட்டால் சில ஆண்டுகளில் மூட்டெலும்பு அரிக்கப்பட்டு விரல்கள் கோணிவிடும். பாரிசில் லான்ட்ரே போவே 1800இல் இதனை விவரித்தார். இன்றைய ஆங்கிலப் பெயரை 1859இல் இட்டவர் லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் காரட்.

யூகி முனிவர் பெயரிலுள்ள வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80 என வகுக்கிறது. அதில் வரும் உதிர வாதசுரோணிதம் என்பதையும், சபாபதி கையேட்டில் பத்தாக வகுக்கப்பட்ட கீல்வாயு நோய்களுள் ஒன்றான வளி அழல் கீல்வாயுவையும் இன்றைய சித்தக் கல்லூரிகள் முடக்கு வாதத்தோடு பொருத்திப் பார்க்கின்றன. பொருத்தம் பெரும்பாலும் நியாயமானது, ஆனால் முழுமையானதன்று. பழைய நூலார் கண்ட நோயாளிகளுள் சிபிலிஸால் மூட்டு வலித்தவர், யூரிக் அமிலத்தால் வீங்கியவர், தேய்மானத்தால் நொந்தவர் எல்லோரும் கலந்திருப்பர். ஒரு மருந்து 'வாதத்தைத் தீர்த்தது' என்று செய்யுள் சொன்னால் எந்த வாதத்தை என்று கேட்பது அவசியம். பறங்கிப்பட்டைக்கு இந்தக் கேள்வி இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

மாவட்டத்தில் சித்த மருத்துவம் நிறுவன வடிவம் பெற்றதற்கு முஞ்சிறையிலுள்ள அகில திருவிதாங்கூர் சித்த வைத்திய சங்கத்தின் மருத்துவக் கல்லூரி முதன்மைச் சான்று. சங்கத்தின் பெயரே அது எந்த ஆட்சிக்காலத்தின் நினைவைச் சுமக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆயுர்வேதத்துக்குக் கோட்டாற்றில் அரசுக் கல்லூரி உண்டு. அண்டையில் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இயங்குகிறது.

சீனாவில் பின்னர் நடந்தது

சீனர்கள் முடக்கு வாதத்துக்கு இன்று முன்னிறுத்தும் மூலிகை தூஃபூலிங் அன்று. லெய்கோங்டெங், அதாவது 'இடிக்கடவுளின் கொடி', என்பதே அது. நச்சுச்செடியாக அறியப்பட்டு, பூச்சிக்கொல்லியாகவும் பயன்பட்ட இதன் வேரை 1960களின் இறுதியிலிருந்து சீன மருத்துவமனைகள் மூட்டு நோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கின. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 121 நோயாளிகள் 24 வாரம் இதன் சாற்றையோ சல்ஃபாசலசின் என்ற மருந்தையோ உட்கொண்டனர். குறிப்பிட்ட அளவு முன்னேற்றம் கண்டவர்கள் மூலிகைப் பிரிவில் 65 விழுக்காடு, மற்றதில் 33 விழுக்காடு. ஆனால் ஏறத்தாழப் பாதிப்பேர் இடையிலேயே விலகிவிட்டனர். 2014இல் பெய்ஜிங் மருத்துவர்கள் 207 பேரிடம் நடத்திய ஆய்வில் இது மெத்தோட்ரெக்சேட்டுக்குக் குறைவில்லாத பயன் தந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது பயன் மேலும் கூடியது. இதற்கு விலையும் உண்டு. ஆண்களுக்கு விந்தணு குறைவதும் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பதும் நன்கறியப்பட்ட பக்கவிளைவுகள். குழந்தை வேண்டுபவருக்கு இதைக் கொடுப்பதில்லை.

இன்னொன்று சினோமெனின். சீனத்தின் சிங்ஃபெங்டெங் கொடியிலிருந்து ஜப்பானியர் 1920களில் பிரித்தறிந்த பொருள் இது. அந்தக் கொடி நம் சீந்திலின் குடும்பத்தைச் சேர்ந்தது. தூஃபூலிங்கில் உள்ள அஸ்டில்பின் என்ற பொருளுக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் தன்மை உண்டென்று சீன ஆய்வகங்கள் விலங்குகளில் காட்டியுள்ளன. எலியின் மூட்டிலிருந்து மனிதரின் மூட்டுக்கு வெகுதூரம்.

தமிழ்நாட்டில் இதற்கு நிகராகச் சொல்லத்தக்க முயற்சி கோயம்புத்தூரில் நடந்தது. 43 நோயாளிகளிடம் ஆயுர்வேத மருந்து, மெத்தோட்ரெக்சேட், இரண்டும் சேர்ந்தது என மூன்று பிரிவாக, யார் எதை உண்கிறார் என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி 36 வாரம் நடத்தப்பட்ட அந்த ஆய்வு 2011இல் வெளியானது. மூன்று பிரிவுகளுக்கும் பயனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. 43 பேரை மூன்றாகப் பிரித்தால் ஒரு பிரிவுக்குப் பதினான்கு, பதினைந்து பேர்தான். இந்த எண்ணிக்கையில் வேறுபாடு தென்படாததை 'சமம்' என்று வாசிப்பது தவறு. ஆனால் மரபு மருந்தையும் நவீன முறைப்படி சோதிக்க முடியும் என்பதை அது நடைமுறையில் காட்டியது. முடக்கு வாதத்தில் முதல் சில மாதங்களே மூட்டைக் காப்பாற்றும் காலம் என்பதால், எந்த மருத்துவ முறையை நாடுபவரும் தொடக்கத்திலேயே நோயை உறுதி செய்துகொண்டு, இரத்தப் பரிசோதனைகளைத் தொடர்வது இன்றியமையாதது. ரசம் சேர்ந்த மெழுகுகளை உண்பவருக்குச் சிறுநீரகப் பரிசோதனையும் இத்துடன் சேரும்.

சரக்கும் ஆள்மாறாட்டமும்

கடைச்சரக்கின் நிலையான இடர், பெயர் ஒன்று பொருள் வேறு என்பது. பறங்கிப்பட்டை என்று விற்கப்படும் வில்லைகளில் ஸ்மைலாக்ஸ் சைனாவும் கிளாப்ராவும் கலந்திருப்பதுண்டு. கிளாப்ரா சீனத்தில் மட்டுமன்றி அசாம், மேகாலய மலைகளிலும் வளர்வது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஸ்மைலாக்ஸ் சைலானிகா மூன்றாவது உறவு. 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலில் இந்தக் கொடி கரிவிலாந்தி என்ற மலையாளப் பெயருடன் படமாக இருக்கிறது. நூலைத் தொகுப்பித்தவர் கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது இதே டச்சுக் கம்பெனிதான். அது கிழக்கிலிருந்து ஏற்றிவந்த சரக்குகளுள் சீனக் கிழங்கும் ஒன்று. குமரி மலைகளிலேயே வளரும் கரிவிலாந்தியைப் பறங்கிப்பட்டைக்கு மாற்றாகக் கொள்வோர் உண்டு. உறவுமுறை சரி, குணமும் அதே அளவில் சரியா என்பது வேறு கேள்வி.

ஆள்மாறாட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சீன மூட்டு மருந்து ஒன்றே சாட்சி. ஃபாங்ஜி என்பது வாத வீக்கத்துக்குச் சீனர்கள் கொடுக்கும் கிழங்கு. சீந்தில் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒலிப்பில் நெருங்கிய பெயருள்ள அரிஸ்டோலோகியா இனக் கிழங்கு ஒன்று அதற்குப் பதிலாக பெல்ஜியத்தில் உடல் இளைப்பு மருந்தில் சேர்ந்துவிட, பிரசெல்சில் இளம்பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. 1993இல் அங்குள்ள மருத்துவர்கள் இதனை வெளியிட்டனர். அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது பின்னர் உறுதியானது. நம் பக்கத்து ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே இனத்தைச் சேர்ந்தவை. பாம்புக்கடிக்கும் பிற நோய்களுக்கும் இவற்றை வீட்டு மருந்தாகக் கொடுக்கும் பழக்கம் கிராமங்களில் உண்டு. ஈஸ்வரமூலிக்குப் பெருமருந்து என்றும் ஒரு பெயர்.